பதினேழாம் எண் மனையின் நிறம்

அத்தியாயம் 9

அக்டோபர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை. காலை வெப்பம் இருபத்தொன்பது பாகை. காற்று அறவே இல்லை. பிழியாமல் காயப்போட்ட ஈரத்துணியைப் போல் மேகம் கூரைகளுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. மாலைக்குள் கனமழை பெய்யும் என்று வானொலி அறிவித்தது. வானொலி சொன்னால் பெய்யாது என்று பெயிண்டர் அறிவித்தார்.

அவருக்கு மறுமொழி கூற அவ்வீட்டில் எவருக்கும் மனமில்லை. மனைவி கரைந்துபோன சோப்பைப் போல் உட்கார்ந்திருந்தாள். மருமகள் அலுவலகத்துக்குப் புறப்படும் கோலத்தில் நின்றாள், ஆனால் புறப்படவில்லை. கையிலிருந்த கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தெருவில் பெயிண்டருக்கு டப்பாக்காரர் என்று ஒரு பெயர் உண்டு. பெயிண்ட் தீர்ந்த டப்பாவைத் தூக்கி எறிவது என்பது அவர் கற்றுக்கொள்ளாத ஒரே வித்தை. ஆணிக்கு ஒரு டப்பா, பிரஷ்களுக்கு ஒரு டப்பா, குடைகள் நிற்க ஒரு பெரிய டப்பா, கதவு காற்றில் அடிக்காமலிருக்க மணல் நிரப்பிய ஒரு டப்பா என்று அவர் வீடு டப்பாக்களின் மேல் நடந்துகொண்டிருந்தது. அடுப்படி ஒன்றுதான் விலக்கு. "இந்த நிலைப்படியைத் தாண்டி ஒரு டப்பா வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்று மணமான முதல் வாரத்திலேயே மனைவி விதித்த சட்டம் அது. முப்பத்திரண்டு ஆண்டுகளாக மீறப்படாத சட்டமும் அது ஒன்றுதான்.

சென்ற செவ்வாயன்று ஒரு தாள் வந்து அந்த வீட்டைப் புரட்டிப் போட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தெருமுனையில் நகராட்சிக்குச் சொந்தமான பதினேழாம் எண் மனை, இடிந்த வீட்டின் குப்பைமேடாக நெடுங்காலம் கிடந்தது. மூன்று மழைக்காலங்களுக்கு முன் பெயிண்டரின் மனைவி அனுமதி வாங்கி, தெருப் பெண்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு, அதைக் கொத்திக் கிளறினாள். நகரத்துக்கு வெளியே பயிர் செய்யும் தன் தம்பியிடமிருந்து நாற்று வாங்கி வந்து ஐந்து பாத்திகள் போட்டாள். வேலியோரமாகக் கால்வாய் வெட்டிச் சருகு நிரப்பினாள். கீரையும் தக்காளியும் வந்தன. எதிர்பாராமல் இன்னொன்றும் நிகழ்ந்தது. மழை பெய்தால் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த தெருத் தண்ணீர், சிமெண்டுக்கு நடுவே திறந்து கிடந்த அந்த ஒரு துண்டு மண்ணைக் கண்டுபிடித்து அதற்குள் இறங்கிப் போயிற்று.

அனுமதியைப் புதுப்பிக்க நகராட்சி மண் பரிசோதனை கேட்டது. முடிவு வந்தது. மண்ணில் ஈயம், எல்லையைப்போல் ஆறு மடங்கு.

ஆகவே மனையைக் கான்கிரீட்டால் மூடி வாகன நிறுத்தமாக்குவது என்ற முன்மொழிவு எழுந்தது. இன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு நகராட்சிக் குழு கூடி அதை முடிவு செய்யும். ஆனால் பெயிண்டரின் மனைவியை உட்காரவைத்தது அதுவன்று. மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. மூன்று மாதங்களாக, நாள் தவறாமல், அந்த மனையின் கீரையைத் தன் கையாலேயே சமைத்து அவளுக்குப் போட்டவள் மாமியார்.

ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குக் கைப்பேசி ஒலித்தது. மருமகள் நான்கு முறை "சரி" என்றாள். ஐந்தாம் முறை அவள் குரல் உடைந்தது.

"அத்தை, ரத்தத்துல ஒண்ணும் இல்லையாம். சுத்தமா இருக்காம். குழந்தைக்கும் பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

மாமியார் எழுந்தாள், எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் மட்டும் குலுங்கின.

"நான்தான் அப்பவே சொன்னேனே, ஒண்ணும் இருக்காதுன்னு" என்றார் பெயிண்டர், தன் கண்ணைத் துடைத்தபடி.

முந்தானைக்குள்ளிருந்து பதில் வந்தது. "நீங்க எப்ப சொன்னீங்க? ஏழு நாளா குறட்டைதான் விட்டீங்க."

மூவரும் சிரித்தனர். அந்த வீட்டில் ஏழு நாட்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

"ஆனா மாமா, ஒண்ணுதான் புரியல" என்றாள் மருமகள். "மண்ணுல ஆறு மடங்கு. நான் மூணு மாசமா தினம் சாப்பிட்டிருக்கேன். எனக்குள்ள மட்டும் எப்படி ஒண்ணுமே இல்ல?"

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"நல்லா அலசிச் சமைச்சிருப்பாங்க, அதிர்ஷ்டம்னு சொன்னாங்க."

"அதிர்ஷ்டத்தை இனி சோதிக்க வேண்டாம்" என்று மாமியார் மூக்கைச் சிந்தினாள். "இன்னிக்கே நான் போய் எல்லாத்தையும் புடுங்கிடறேன். சிமெண்ட்காரன் வந்து மிதிக்கிறதுக்கு முன்னாடி, நான் வச்சது என் கையாலயே போகட்டும்."

அவளுடைய கைப்பேசி அலமாரியின் மேல் அதிர்ந்தது. தம்பி என்று திரை காட்டியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்று கொடுத்தவனிடம் இதை எப்படிச் சொல்வது?

மருமகள் நகரத் திட்ட அலுவலகத்தில் வரைபடம் தயாரிப்பவள். மாமனார் சுவருக்கு நிறம் அடிக்கிறார். மருமகள் ஊருக்கு நிறம் அடிக்கிறாள். திறந்தவெளிக்குப் பச்சை, வீட்டு மனைக்கு மஞ்சள், கான்கிரீட்டுக்குச் சாம்பல். இன்றைய கூட்டத்துக்கான தாளில் பதினேழாம் எண்ணுக்குச் சாம்பல் பூச வேண்டியவளும் அவளே.

"நீயேதான் அடிக்கணுமாம்மா?" என்று வாசலில் கேட்டார் பெயிண்டர்.

"நான் இதே தெருவுல இருக்கேன், வேற யாருக்காவது கொடுங்கன்னு எழுதியே கொடுத்துட்டேன் மாமா. நிறம் அடிக்கிறவளுக்குக் கூட்டத்துல ஓட்டு கிடையாது, உக்காந்து அடின்னுட்டார் அதிகாரி."

அவள் போனபின் பெயிண்டர் சற்று நேரம் படியிலேயே நின்றார். சுவரில் அடித்த நிறம் பிடிக்காவிட்டால் சுரண்டிவிடலாம். வரைபடத்தில் அடித்த நிறத்தின் மேல் லாரி வந்து நிற்கும்.

*

அன்று அவருக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் இரும்புக் கேட்டில் வேலை. பத்தரை மணிக்குப் புதிய டப்பாவை உடைத்துக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். காவலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேலை செய்பவரை வேடிக்கை பார்க்கும் இன்பத்தை அனுபவித்தார்.

"என்ன அண்ணே, டப்பா மேல என்னமோ பெருசா போட்டிருக்கு?"

"ஈயம் சேர்க்காததுன்னு போட்டிருக்கு."

"சேர்க்காததை எல்லாமா எழுதுவாங்க? பாம்பு சேர்க்கலன்னும் எழுதலாமே!"

"சிரிக்காதீங்க" என்றார் பெயிண்டர். தொழிலைப் பற்றிப் பேசினால் அவர் குரலில் ஒரு மிடுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். "அந்தக் காலத்துல இரும்புக்கு முதல்ல அடிக்கிற சிவப்பு பிரைமர் இருக்கே, அது பாதிக்குப் பாதி ஈயம்தான். டப்பாவைத் தூக்கினா தோள் இறங்கிடும். அடிச்சு இருபது வருஷம் ஆனாலும் துரு எட்டிப் பார்க்காது. இப்ப அதெல்லாம் கிடைக்குமா? என்கிட்ட அந்த டப்பா ஒண்ணு இன்னும்..."

பெயிண்டரின் வாய் அங்கேயே நின்றுவிட்டது.

"என்கிட்ட ஒண்ணு இன்னும், அப்புறம்?" என்று காவலாளி தூண்டினார்.

கலக்கும் குச்சி டப்பாவுக்குள் நழுவி விழுந்தது. பெயிண்டரின் கண் முன்னே அந்த டப்பா உள்ளங்கை நெல்லிக்கனியாய்த் தெரிந்தது. மூன்று வாரங்களுக்கு முன், மண் மாதிரி எடுக்கப் போனவர் அவர். புதிய பையில் எடுக்க வேண்டும் என்று மண் பரிசோதனைக் கூடத்தார் கொடுத்த துண்டுச்சீட்டில் இருந்தது. அதைப் படித்துவிட்டு, பை கிழியும், டப்பா கிழியுமா என்று சொன்னவர் அவர். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஐந்து பாத்தியிலும் பட்டித் தகட்டால் மண் எடுத்தார். சுவரில் பட்டி பார்க்கிற அதே தகடு. கூடத்தின் முகப்பில் டப்பாவைக் கவிழ்த்தபோது, அடியில் ஒட்டியிருந்த மண்ணையும் ஒரு பருக்கை வீணாகாமல் தகட்டால் சுரண்டிச் சுரண்டிக் கொடுத்தார். வேலையில் அவ்வளவு சுத்தம்! முகப்பிலிருந்தவர் எல்லாவற்றையும் ஒரு பையில் கொட்டி முடிச்சிட்டார். பெயிண்டர் டப்பாவை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் சுரண்டியது மண்ணை மட்டுமன்று.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். பெயிண்டரோ மண்ணின் தலையில் டப்பாவை வாரிப் போட்டிருந்தார்.

"அண்ணே, கேட்டு?"

"ஓடிடாது" என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார்.

*

பேருந்தில் நின்றபடி வந்த இருபது நிமிடங்களில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. இன்னொரு முறை சோதித்துப் பாருங்கள் என்று மட்டும் கூடத்தில் கேட்டால் போதாதா? டப்பாவைப் பற்றி யாரிடமும் ஏன் சொல்ல வேண்டும்? கருவி தவறாகக் காட்டியது என்று அவர்களே நினைத்துக்கொள்ளட்டும். ஏழு நாட்களாக மனைவி உண்ணாமல் கிடந்ததற்குக் காரணம் அவருடைய அசட்டுப் பெருமை என்பது டப்பாவுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த செய்தியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த யோசனை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. தெருமுனை வரைக்கும் பிடித்திருந்தது.

மனையில் மனைவி முழங்கால் மண்ணில் பதிய உட்கார்ந்திருந்தாள். ஐந்து பாத்திகளில் இரண்டு வெறுமையாகிவிட்டன. பிடுங்கிய செடிகளை அவள் வீசி எறியவில்லை. வேரெல்லாம் ஒரு பக்கம் இருக்கும்படி வரிசையாக அடுக்கியிருந்தாள். எதிர்வீட்டுத் தையல்காரர் வேலியில் சாய்ந்து துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"விடுங்கம்மா. பார்க்கிங் வந்தா வந்துட்டுப் போகுது. எனக்கென்ன, வண்டியா இருக்கு? மழை வந்தா மறுபடியும் மிஷினைச் செங்கல் மேல ஏத்திட்டுப் போறேன். பழகின செங்கல்தான்."

மனைவி மூன்றாவது பாத்தியில் ஒரு தக்காளிச் செடியைப் பற்றினாள். அதில் காய் இருந்தது. பற்றிய கை தயங்கிற்று.

"புடுங்காத!" என்று பெயிண்டர் கத்திய கத்தலில் தையல்காரர் வேலியை விட்டு ஓரடி நகர்ந்தார். "இந்தா, அதை விடு. மண்ணுல ஒண்ணும் இல்ல. என் டப்பாவுலதான் இருக்கு."

அவள் நிமிர்ந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னார். சிவப்பு பிரைமரைச் சொன்னார். பட்டித் தகட்டைச் சொன்னார். துண்டுச்சீட்டைப் படித்தும் மதிக்காததைச் சொன்னார். பேருந்தில் தோன்றிய யோசனையைக்கூடச் சொல்லிவிட்டார், கேட்கப்படாமலேயே சொன்னார்.

அவள் தக்காளிச் செடியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"ஏழு நாளா நான் அந்தப் பொண்ணு முகத்தைப் பார்க்க முடியாம கிடந்தேன். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"என் கையாலயே விஷம் வச்சுட்டேன்னு நெனச்சேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா குறட்டை விட்டீங்க?"

வேர் மண்ணோடு ஒரு கீரைக் கட்டு அவர் மார்பில் வந்து விழுந்தது. இரண்டாவது கட்டு காதில் விழுந்தது. தையல்காரர், நடுநிலை கருதி, வானத்தைப் பார்த்தார். மூன்றாவது கட்டை ஓங்கிய கை அப்படியே நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்துவிட்டது.

"முப்பத்திரண்டு வருஷமா அந்தச் சனியனை அடுப்படிக்குள்ள விடாம வச்சிருந்தேன் பாருங்க. இல்லன்னா இன்னிக்கு என் கதி என்ன?"

"உன் கதி இல்ல. என் கதி" என்றார் பெயிண்டர்.

அவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "மணி என்ன?"

"பதினொண்ணே முக்கால்."

"அந்த டப்பாவை எடுத்துட்டு வாங்க. ரெண்டு பைக்குள்ள போட்டு எடுத்துட்டு வாங்க. வெறும் கையால தொடாதீங்க. கூடத்துக்குப் போகலாம்."

போகும் வழியில் மருமகளுக்குத் தொலைபேசியில் சொன்னார்.

"டப்பாவா மாமா?"

"டப்பாதான்மா."

"சந்தோஷம் மாமா. ஆனா எனக்கு இது வாய்வார்த்தை. கூடத்து ஆள் கையெழுத்துப் போட்ட தாள் மூணேகாலுக்குள்ள என் மேசைக்கு வரணும். வரலன்னா நான் ஒரு கோடுகூட மாத்த மாட்டேன். என் தெருங்கறதுக்காகவே மாத்த மாட்டேன்."

"நீ மாத்தக் கூடாதும்மா" என்றார் பெயிண்டர். சொல்லும்போதே அவருக்கு அவள் மேல் மரியாதை கூடிற்று.

*

மண் பரிசோதனைக் கூடத்தின் ஆய்வாளர் ஒரு பெண்மணி, சிரிப்பைச் செலவழிக்காதவர். பைக்குள்ளிருந்த டப்பாவைப் பைக்குள் வைத்தே பார்த்தார்.

"துண்டுச்சீட்டுல கொட்டை எழுத்துல போட்டிருக்கோமே, புதுப் பையில எடுங்கன்னு."

"படிச்சேங்க."

"படிச்சுட்டுமா?"

"என் டப்பா உங்க பையை விடச் சுத்தம்னு நெனச்சேன்."

"நெனப்புதான் பொழப்பைக் கெடுத்துச்சு" என்றாள் மனைவி.

"எங்க மேலயும் தப்பு இருக்கு" என்று ஆய்வாளர் எதிர்பாராமல் சொன்னார். "எதுல கொண்டு வந்தீங்கன்னு முகப்புல கேட்டிருக்கணும். கேட்கல. புதுசா மாதிரி எடுத்து முழுசா சோதிக்கப் பத்து நாள் ஆகும்."

"மூணேகாலுக்கு வேணுமே!" என்றாள் மனைவி.

ஆய்வாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தம் மேசை மேலிருந்த உணவுப் பெட்டியைப் பார்த்தார். பிறகு பெயிண்டரின் மனைவியின் முழங்காலில் காய்ந்திருந்த மண்ணைப் பார்த்தார். பெட்டியை இழுப்பறைக்குள் வைத்தார்.

"கையில பிடிச்சுப் பார்க்கிற கருவி இருக்கு. முதல்கட்ட அளவு அங்கயே தெரிஞ்சுடும். வாங்க. ஆனா மண்ணை நான்தான் எடுப்பேன். இவர் பத்தடி தள்ளி நிற்கணும்."

ஒன்றரை மணிக்கு, பத்தடி தள்ளி, பெயிண்டர் தம் வாழ்வில் முதன்முறையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தெருவில் பாதி பேர் வேலியோரம் கூடிவிட்டனர். ஆய்வாளர் கையிலிருந்த கருவி, தலைமுடி உலர்த்தும் கருவியைப் போலிருந்தது. அதன் மூக்கை மண்ணில் வைத்து, மூச்சடக்கிக் காத்திருந்தார். தெருவும் மூச்சடக்கிற்று.

"எல்லை நூறுன்னு வச்சுக்குங்க" என்றார் ஆய்வாளர். "போன தடவை அறுநூறு வந்தது. இப்ப..." திரையைத் துடைத்துப் பார்த்தார். "பதினெட்டு."

ஒன்றை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாம் பாத்தி, இருபத்திரண்டு. மூன்றாவது, பதினைந்து. நான்காவது, இருபது. ஐந்தாவதும் இருபது. ஒவ்வோர் எண்ணுக்கும் பெயிண்டரின் மனைவி விரலை மடக்கினாள். ஐந்து விரலும் மடங்கியபின் அந்தக் கையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

மனையின் இரும்புக் கேட்டுக்கு அருகே மட்டும் கருவி அறுபத்தொன்று காட்டியது.

"இந்த கேட்டுக்கு பெயிண்ட் அடிச்சது யாரு?"

வேலியோரம் நின்ற அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் பெயிண்டர் பக்கம் திரும்பின.

"அந்த பிரைமர்தாங்க" என்று பத்தடிக்கு அப்பாலிருந்து அவர் ஒப்புக்கொண்டார். "துருப் பிடிக்கலையே, பார்த்தீங்களா?"

"எல்லைக்குள்ளதான் இருக்கு. ஆனாலும் மூணடி விட்டுச் சாப்பிடுற செடி வைங்க. கேட்டோரம் பூச்செடி போதும். இனிமே இதைச் சுரண்டவும் வேண்டாம்."

"இதையும் ஒரு தடவை பார்த்துடுங்க" என்றார் பெயிண்டர். டப்பா இருந்த பையைத் தரையில் வைத்துவிட்டு, தாமே மறுபடியும் பத்தடி பின்னால் போனார்.

ஆய்வாளர் கருவியின் மூக்கை டப்பாவின் அடிமடிப்பில் வைத்தார். திரையில் எண் எதுவும் வரவில்லை. அளவு கடந்தது என்ற எழுத்துகள் மட்டும் வந்தன.

பதினோராம் எண் வீட்டுக்காரி கைதட்டினாள். தையல்காரர் பெயிண்டரின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "டப்பாக்காரரே! ஊர்லயே பரீட்சையில தோத்ததுக்குக் கைதட்டு வாங்கின ஒரே ஆள் நீங்கதான்!"

ஆய்வாளர் வேலித் தூணின் மேல் தாளை வைத்து எழுதினார், கையெழுத்திட்டார், பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். டப்பாவைத் தாமே எடுத்துக்கொண்டார். கூடத்தில் அதற்கென்று தனித் தொட்டி உண்டாம். பெயிண்டர் எவருக்கும் விட்டுக்கொடுத்த முதல் டப்பா அது.

*

மூன்று மணி பதினோரு நிமிடத்துக்குத் தாள் மருமகளின் மேசைக்குச் சென்றது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மாமனாரை நிமிர்ந்து பார்த்தபோது அவள் உதடு துடித்தது.

"சிரிக்கிறதை அப்புறம் வச்சுக்கிறேன் மாமா" என்று சொல்லிவிட்டு அதிகாரியின் அறைக்குள் போனாள்.

பெயிண்டர் நடைவழியில் காத்திருந்தார். எதிர்ச்சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஈரம் காயாமல் அடித்திருக்கிறார்கள். வேறொரு நாளாக இருந்தால் அரை மணி நேரம் ஏசுவதற்கு அது போதும். இன்று அவர் அந்தச் சுவரை மன்னித்தார். தவறு செய்யாத தொழிலாளி யார்?

நான்கு இருபத்தைந்துக்குக் கூட்ட அறையின் கதவு திறந்தது. மருமகள் சுருட்டிய தாளோடு வெளியே வந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அவள் தாளை விரித்தாள். பதினேழாம் எண் பச்சையாக இருந்தது.

"என்னம்மா சொன்னாங்க?"

"மூடுறதுக்குக் காரணமே ஈயம்தான், ஈயம் இல்லன்னா எதுக்கு மூடணும்னு குழுத் தலைவர் கேட்டார். தெருத் தண்ணி இறங்குறதுக்கு இருக்கிற ஒரே இடம் அதுதான்னு போன மழைக்காலத்துல தண்ணி புகுந்ததுன்னு ஒரு புகார்கூட வராத கணக்கை நான் நீட்டினேன். எனக்கு ஓட்டுதான் இல்ல, கணக்கைக் காட்டறதுக்குமா தடை? மூணு வருஷத்துக்கு நீர் உறிஞ்சும் திறந்தவெளின்னு எழுதிட்டாங்க. முழுச் சோதனை முடிவு வரட்டும், வருஷா வருஷம் மண்ணைச் சோதிக்கணும், அவ்வளவுதான். ஆனா ஒரு நிபந்தனை."

"என்ன?"

"மாதிரியைக் கூடத்து ஆள்தான் எடுக்கணும். அந்தத் தெருவுல குடியிருக்கிற எவரும் எடுக்கக் கூடாது. தீர்மானத்துல ஏறிடுச்சு மாமா. உங்களுக்காகவே ஒரு வரி!"

அப்போதுதான் அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மலைபோல் வந்தது பனிபோல் நீங்கியது என்பதைப் பெயிண்டர் பிறர் சொல்லக் கேட்டதுண்டு. அது நீங்கும்போது இப்படித்தான் ஒலிக்கும் என்பதை இன்று அறிந்தார்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தபின், அவளுடைய சிரிப்பு மெல்ல வடிந்தது.

"மாமா, இன்னொரு தாளும் இன்னிக்கு வந்தது. நகரத்துக்கு வெளிய இருக்கிற நிலமெல்லாம் சேர்ந்த பெரிய தாள். அத்தையோட தம்பி வயல் இருக்கே, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். அது அவ்வளவும் மஞ்சள்."

"மஞ்சள்னா?"

"வீட்டு மனை."

பெயிண்டர் திரும்பிப் பார்த்தார். "அவனுக்குத் தெரியுமா?"

"சம்மதம் கொடுத்தவங்க பட்டியல்ல அவர் பேர் இருக்கு. கையெழுத்தும் இருக்கு."

மனைவி போட்ட பாத்திகளின் நாற்றெல்லாம் அந்த வயலிலிருந்து வந்தவை. பேருந்துக் கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. வானொலி வென்றது.

*

வீட்டை அடைந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. தையல்காரர் பழைய பழக்கத்தில் தம் தையல் மிஷினைச் செங்கல் மேல் ஏற்றிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெயிண்டரின் மனைவி குடையோடு படியில் நின்றாள்.

படிக்கட்டுச் சுவரில் பென்சில் கோடுகள் உண்டு. ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய உயரத்தைப் பெயிண்டர் குறித்துவைத்த கோடுகள் அவை. மனை திறந்த ஆண்டிலிருந்து ஒரு கோடும் இல்லை. எனினும் அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பெருமை அடங்கிய மனிதன் எதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

தெருவின் தண்ணீர் சேறும் சருகுமாகத் திரண்டு வந்தது. நிலைப்படியை நோக்கி ஓர் அடி வந்தது. பிறகு வழி கண்டதைப் போல் வளைந்து, மனைக் கேட்டின் அடியில் புகுந்து, சருகுக் கால்வாயில் இறங்கியது. பிடுங்கப்பட்ட இரண்டு பாத்திகளும் அதைக் குடிக்கத் தொடங்கின. எஞ்சிய மூன்றிலும் செடிகள் தலையாட்டின.

"ரெண்டு பாத்தி போச்சு" என்றாள் மனைவி.

"நாளைக்கு நான் நட்டுக் கொடுக்கிறேன்."

"நீங்க பத்தடி தள்ளியே நில்லுங்க." சொல்லிவிட்டு, குடையைச் சற்று அவர் பக்கம் சாய்த்தாள்.

மருமகள் மனையில் பறித்த ஒரு முழுத் தக்காளியை அலசி எடுத்து வந்தாள். மாமியார் பார்க்கும்படி, படியில் உட்கார்ந்து கடித்தாள். மாமியார் அவள் கடிப்பதையே, கடைசிக் கடி வரைக்கும், பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு மழை விட்டது. உள்ளே அலமாரியின் மேல் கைப்பேசி அதிர்ந்தது.

"தம்பியாத்தான் இருக்கும். காலையிலிருந்து நாலாவது தடவை" என்றாள் மனைவி. "என்னமோ அவசரம் போல. இருக்கட்டும். இந்தத் தண்ணி முழுசா இறங்கறதைப் பார்த்துட்டுப் பேசுறேன். அவன் கொடுத்த நாத்து பிழைச்சுதுன்னு சந்தோஷமா சொல்லணும்."

பெயிண்டர் மருமகளைப் பார்த்தார். மருமகள் தக்காளிக் காம்பைப் பார்த்தாள். கைப்பேசி அதிர்ந்து ஓய்ந்தது.

மனையில் கணுக்காலளவு நின்ற நீரில் குமிழிகள் எழுந்தன, வெடித்தன, நீர் விரலளவாயிற்று. பெயிண்டர் பென்சிலை மறுபடியும் காதில் செருகினார். சுவரில் கோடில்லை, வாசல் உலர்ந்து கிடந்தது. கடைசிக் குட்டை மண்ணுக்குள் இறங்கி மறைந்தபோது மணி ஆறு நாற்பத்தேழு.